அண்ணனின் பழைய பிக்கப்பும் களவு போகாத எஞ்சினும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு முப்பத்தொரு நாட்களாகின்றன. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் ஒருமுறையாவது அவருடைய கதிரையில் இருந்தவர்கள். உங்கள் வீட்டுக் கலியாணத்திலோ, பிள்ளையின் முதல் நற்கருணை விருந்திலோ, செத்த வீட்டிலோ, முதுகில் மஞ்சள் மையால் இலக்கம் எழுதிய அந்த இரும்புக் கதிரையில் இருந்துகொண்டுதான் அண்ணனைப் பற்றி நல்லதாகவோ, கதிரை ஆடுகிறது என்று குறையாகவோ கதைத்திருப்பீர்கள். அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணியும் பிள்ளைகளும் என்னிடம் தந்தார்கள். வீட்டில் முறையாகத் தட்டெழுத்துப் படித்தவள் நான் ஒருத்திதான் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

நான் சம்மதித்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. அடக்கத்தன்று வீட்டு வாசலில் அண்ணனைப் பற்றிப் பேசிய உறவினர் ஒருவர், பழைய எஞ்சினைக் களவெடுத்த இரும்புக்காரரை அண்ணன் மன்னித்ததையும், அந்த எஞ்சினையே அவருக்குக் கொடுத்து அனுப்பியதையும் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் இத்தனை வருடங்களாக வீடு வீடாக அதைச் சொல்லித் திரிந்தவள் நான். அதில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யால் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட்டுப்போயிற்று. அண்ணனின் வாழ்க்கையை எழுதும்போதே அதையும் திருத்திவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக் கப்பல்கள் ஊதுவது வீட்டுக்குள் கேட்கும் ஓர் ஒழுங்கையில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் வேலையில் இருந்தவர். நாங்கள் இரண்டு பேர்தான் பிள்ளைகள். அண்ணனுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் அண்ணன் எப்படிப் படித்தார் என்பதை நினைவு மலரில் எழுதாமல் விடுவதே மரியாதை. கணக்கு மட்டும் நன்றாக வரும் என்று அம்மா சொல்வார். அம்மா அப்படித்தான் சொல்வார்.

அப்பா மாரடைப்பில் போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. அடுத்த மாதமே மருதானையில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். நான் படித்ததும், தட்டெழுத்துப் பழகியதும், கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலைக்குப் போனதும் அவருடைய எண்ணெய் படிந்த கைகளின் உழைப்பால்தான். அதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் அவரிடம், நகத்தை ஒழுங்காகக் கழுவுங்கள், சோற்றில் கிரீஸ் வாசம் வருகிறது என்று தினமும் ஏசுவேன்.

ஒரு மண்டபத்தில் கழித்துவிட்ட நாற்பது கதிரைகளை வாங்கி, கால்களை ஒட்டி, மை பூசி வாடகைக்கு விட்டதில்தான் அவருடைய சொந்தத் தொழில் தொடங்கியது. பிறகு மேசைகள் வந்தன, தகரப் பந்தல் வந்தது. கலியாண வீட்டில் கதிரைகளை இரண்டு தரம் எண்ணுவார். செத்த வீட்டில் எண்ணவே மாட்டார், வாடகையும் வாங்க மாட்டார். "அழுகிற வீட்டுல நிண்டு ஒண்டு ரெண்டு எண்டு எண்ண எனக்கு வாய் வராது" என்பார். இதனால் எங்கள் கதிரைகளில் சில இன்றும் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அதையெல்லாம் நான் கேட்க வரவில்லை.

இனி அந்த பிக்கப். நுகேகொடையில் ஒரு வீட்டுப் பலாமரத்தின் கீழ் நாலு வருடமாக நின்ற வண்டி அது. இங்கிலாந்தில் செய்தது, அண்ணனைவிட மூத்தது. பின்தட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அதைக் கயிற்றால் ஒரு லொறியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு அண்ணன் ஒழுங்கைக்குள் வந்தபோது அம்மா வாசலில் நின்று தலையில் கை வைத்தார்.

"இதுக்குத்தானா தம்பி இவ்வளவு நாளும் சீட்டுக் கட்டினனீ?"

"பொடி நல்லம் அம்மா" என்றார் அண்ணன், வண்டியின் உடம்பைத் தட்டிக் காட்டி.

நான் கதவைத் திறந்து பார்ப்போம் என்று கைப்பிடியைப் பிடித்தேன். அது என் கையோடு வந்துவிட்டது.

உக்கிப்போன தரைத் தகடுகளை வெட்டி எறிந்து புதிதாக ஒட்டி, மட்கார்டுகளைத் தட்டி நிமிர்த்தி, பச்சை மை அடித்து முடிக்க ஒன்றரை வருடம் பிடித்தது. வண்டி பார்க்க மணமகள் மாதிரி இருந்தது, ஓட்டத்தில் ஆஸ்துமாக்காரி. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கதிரை ஏற்றிப் போனால் பம்பலப்பிட்டியில் கட்டாயம் கொதிக்கும். அங்கே ஒரு சைவக் கடையில் அண்ணன் தண்ணீர் கேட்டுக் கேட்டு, கடைசியில் முதலாளி அவருக்கென்று ஒரு வாளியே ஒதுக்கி வைத்தார். மாதா திருநாளில் சொரூபத்தை ஏற்றிக்கொண்டு ஊர்வலமாக மெதுவாகப் போனபோது நடு வீதியில் கொதித்து நின்றது. செபமாலை சொன்னபடியே ஆட்கள் தள்ளினார்கள். அன்று வீட்டுக்கு வந்து அண்ணன் சாப்பிடவில்லை. மறுநாள் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஜப்பானிலிருந்து வந்த ஒரு ரீகண்டிஷன் டீசல் எஞ்சினுக்கு முற்பணம் கட்டிவிட்டு வந்தார்.

பழைய வண்டிக்குள் புது எஞ்சினை வைப்பது அலுமாரிக்குள் சட்டை மாட்டுகிற வேலை அல்ல என்பதைப் பதினொரு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் படித்துக்கொண்டேன். அண்ணன் முன்பு வேலை செய்த கராஜிலிருந்து மூத்த மெக்கானிக் சோமே பாஸ் வருவார். காலைப் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது அவர் முற்றத்தில் வண்டிக்குக் கீழே கிடப்பார். கால்கள் மட்டும் வெளியே தெரியும். புது எஞ்சினை உள்ளே இறக்கினால் அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டி வண்டியின் குறுக்குச் சட்டத்தில் முட்டியது. தொட்டியை வெட்டி வேறு வடிவத்தில் ஒட்டினார்கள். எஞ்சின் உட்காரும் தாங்கிகள் பொருந்தவில்லை. என் அலுவலகத்திலிருந்து நான் கொண்டுவந்த கோப்பு மட்டைகளை வெட்டி அளவெடுத்து, இரும்பில் புதிதாகச் செய்தார்கள். பின்சில்லுக்குப் போகும் தண்டு நீளமாகிவிட்டது. மருதானையில் லேத் பட்டறையில் கொடுத்துக் குறைத்தார்கள். கியர்த் தடி எதிர்பாராத ஓர் இடத்தில் முளைத்தது. அன்றிலிருந்து அந்த வண்டியில் அண்ணனுக்குப் பக்கத்தில் இருப்பவர் முழங்காலை ஒரு பக்கம் சரித்துத்தான் இருக்க வேண்டும். அண்ணியும் புது மணப்பெண்ணாக அப்படித்தான் பின்னர் வந்து இறங்கினார்.

யுத்த காலம். மின்வெட்டு வந்தால் வெல்டிங் நின்றுவிடும். ஊரடங்கு என்றால் பாஸ் வர மாட்டார். எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பதிவுப் படிவத்தோடு சரிபார்க்க வந்த பொலிஸ்காரர் ஒருவர், முற்றத்தில் தொங்கிய எஞ்சினைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்து அரை மணி நேரம் ஆலோசனை சொன்னார். போகும்போதுதான் படிவம் நினைவுக்கு வந்து திரும்பி வந்தார்.

முதன்முதலாக எஞ்சின் ஸ்டார்ட் ஆனபோது எங்கள் வீட்டுச் சுவரில் மாதா படம் ஆடியது. பொனட் மூடவில்லை, நாலு விரல் இடைவெளி. அதற்கும் ஒரு தார்ப் பீப்பாத் தகரத்தை வளைத்துக் கூன் மாதிரி ஒன்றை ஒட்டினார்கள். ஆனால் வெள்ளவத்தை வரை கொதிக்காமல் போய் வந்தது. அண்ணன் பம்பலப்பிட்டிக் கடையில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதற்காகவே இறங்கினார்.

இந்த இடத்தில்தான் அண்ணன் தம் பிழையைச் செய்தார். பழைய எஞ்சினின் பக்கத்தில் அதன் இலக்கம் பொறித்த ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருந்தது. வண்டியின் பதிவுப் புத்தகத்திலும் அதே இலக்கம்தான். எஞ்சின் மாற்றினால் வாகனப் பதிவு அலுவலகத்தில் அறிவித்துப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். அண்ணன் அதைச் செய்யவில்லை. பழைய தகட்டைக் கழற்றி, பளபளப்பாக்கி, ஜப்பான் எஞ்சினில் அடித்துவிட்டார்.

"எப்பா மல்லி" என்று, வேண்டாம் தம்பி என்ற பொருளில், பாஸ் சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டினார். நானும் சத்தம் போட்டேன்.

"அண்ணா, செக் பொயின்ட்டில பொனட்டைத் திறந்து பார்த்தா என்ன சொல்லப் போறீங்க?"

"உண்மையைச் சொல்லுவன். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்து புதுசா வில்லை வச்சதுதானே. அதுக்காக அம்மாட ஐடென்டிட்டி காட்டை மாத்தினமா? வண்டி அதே வண்டிதான்."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. முழு மனதோடு நம்பினார். களவு வண்டிக்காரர்கள் இலக்கத்தை மாற்றுவார்கள், நான் மாற்றாமல் வைத்திருக்கிறேன், இதில் என்ன குற்றம் என்பது அவருடைய நியாயம்.

அடுத்தது என் பிழை. இறக்கிய பழைய எஞ்சினை அண்ணன் எறியவில்லை. முற்றத்தில் ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் வைத்து, மழைத் துணியால் மூடி, ஞாயிறு தோறும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். அது பெட்டியிலிருந்து ஒழுகி ஒழுகி முற்றமெல்லாம் கறுப்பாகியது. நான் வேலைக்குக் கட்டும் சேலையின் கரை இரண்டு முறை கெட்டது. மூன்றாம் முறை வழுக்கி விழுந்தேன். அன்று லீவு போட்டுவிட்டு முழங்காலுக்கு மருந்து பூசிக்கொண்டிருக்கும்போது, ஒழுங்கையில் பழைய இரும்பு வாங்கும், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்றழைக்கும், ஹமீது நானாவின் குரல் கேட்டது. அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தார். நான் கேற்றைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன்.

"இது அண்ணனுக்குத் தெரியுமா தங்கச்சி?" என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். ஒரு பலகையைச் சரித்து வைத்து எஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியும் இரண்டு பேசின்களும் தந்தார்.

பின்னேரம் அண்ணன் வந்து வெறும் தேயிலைப் பெட்டியைப் பார்த்து நின்றபோது அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் ஏசவில்லை. "எங்க தங்கச்சி எஞ்சின்?" என்று மெதுவாகக் கேட்டார். கேற் திறந்து கிடந்தது, நான் உள்ளே படுத்திருந்தேன், இரும்புக்காரர் எடுத்திருக்க வேண்டும் என்று என் வாய் சொல்லிவிட்டது. அம்மா அதை அடுத்த வீட்டில் சொன்னார். ஒரு வாரத்தில் ஒழுங்கை முழுவதும் அவருக்கு எஞ்சின் கள்ளன் என்று பெயர். அவர் தள்ளுவண்டியோடு வந்தபோது வாசல்களிலிருந்து விரட்டினார்கள். அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, வெள்ளவத்தைக் கலியாணம் ஒன்றுக்கு நூற்றிருபது கதிரைகளோடு போன அண்ணனைக் காலி வீதிச் செக் பொயின்ட்டில் மறித்தார்கள். பொனட்டைத் திறந்தார்கள். ஜப்பான் எஞ்சினில் இங்கிலாந்துத் தகடு பளிச்சென்று இருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தபோது எஞ்சினில் வேறோர் இலக்கமும் இருந்தது. ஒரு வண்டி, இரண்டு இலக்கம், ஓட்டுபவர் தமிழர். அந்த வருடங்களில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

நான் அலுவலகத்திலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். பொறுப்பதிகாரி கெட்டவர் அல்ல. முற்றத்தில் இறக்கிய எங்கள் கதிரைகளில் ஒன்றில் இருந்தபடி சிங்களத்தில் விளக்கினார். புது எஞ்சினுக்குக் கடைப் பற்றுச்சீட்டு இருக்கிறது, அது சரி. தகட்டுக்குரிய பழைய எஞ்சின் எங்கே? அது இதே இலக்கத்தோடு வேறொரு வண்டியில் எங்கேயாவது ஓடுகிறதா? தகட்டுக்கு அடியில் இரும்பிலும் அந்த இலக்கம் வெட்டியிருப்பதாக அண்ணன் சொல்கிறார். அப்படியானால் அந்த இரும்பைக் கொண்டுவந்து காட்டுங்கள், அறிவிக்காமல் எஞ்சின் மாற்றியதாக மட்டும் எழுதி விடுகிறேன். சனிக்கிழமை மதியத்துக்குள் காட்டாவிட்டால் ஆளை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டி வரும் என்றார். அப்படி அனுப்பப்பட்ட எங்கள் ஒழுங்கைப் பையன்கள் இரண்டு பேர் அதுவரை திரும்பவில்லை.

பழைய எஞ்சின் எங்கே என்று அவர்கள் கேட்டதற்கு, இரும்புக்காரர் கேட்காமல் எடுத்துப் போய்விட்டார் என்று அண்ணன் வாக்குமூலம் கொடுத்திருந்தார். நான் சொன்னதைத்தானே அவர் சொல்வார்.

ஹமீது நானாவின் வீட்டை மருதானையில் விசாரித்து விசாரித்து வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதும் அவருடைய மனைவி உள்ளே போய்விட்டார். நானா வாசலிலேயே நின்றார்.

"களவெடுத்த சாமானத் திருப்பிக் கேக்க வந்தீக்கிறீங்களா தங்கச்சி?"

நான் அழுதேன். அழுதபடியே அண்ணனை மறித்து வைத்திருப்பதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அழுது முடிஞ்சா வாங்க. நான் வித்த கடை பஞ்சிகாவத்தையில ஈக்கிது."

அந்தக் கடையில் தலைப்பகுதியையும் காபரேட்டரையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். மிச்ச இரும்பை கிராண்ட்பாஸில் உருக்கும் பட்டறைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் போனபோது பட்டறை பூட்டியாயிற்று. சனிக்கிழமை காலை திறக்கும் முன்பே கேற்றில் நின்றோம். மலையாகக் குவிந்து கிடந்த இரும்பின் மேல் ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். எங்கள் எஞ்சின் மாதிரி நாலைந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் புரட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தகடு இருந்த இடத்தைச் சுரண்டினார். நான் கீழே நின்று வண்டிப் புத்தகத்தைப் பார்த்து இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலாவதில் அவர் கையைத் தூக்கினார். பட்டறைக்காரர்கள் சும்மா தரவில்லை. தன் தள்ளுவண்டியிலிருந்த பித்தளைச் சாமான்களை இறக்கிக் கொடுத்துவிட்டு அதில் எஞ்சினை ஏற்றினார்.

பொலிஸ் நிலையத்துக்கு எஞ்சின் கொண்டு போக ஒரு லொறிக்காரரும் சம்மதிக்கவில்லை. கிராண்ட்பாஸிலிருந்து காலி வீதிப் பொலிஸ் நிலையம் வரைக்கும் தள்ளினோம். அவர் முன்னால் இழுக்க, அலுவலகச் சேலையோடு நான் பின்னால் தள்ளினேன். வழியில் மூன்று இடத்தில் மறித்தார்கள். "பொலிஸுக்குத்தான் கொண்டுபோறோம்" என்று நானா சிங்களத்தில் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒரு சிப்பாய் உண்மையா என்று பார்க்கக் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி குனிந்து இலக்கத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். அண்ணனை வெளியே கொண்டுவந்து ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். மூன்று நாள் தாடியோடு இருந்த என் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு சாக்காவது போட்டு மூடிக் கொண்டு வந்திருக்கலாமே, உள்ளுக்குத் தூசி போயிருக்கும்" என்பது. அவரை அந்த இடத்திலேயே அடிக்க வேண்டும் போல இருந்தது.

பிறகு அதிகாரி நானாவின் பக்கம் திரும்பினார். இந்த எஞ்சின் உன்னிடம் எப்படி வந்தது, யாராவது தந்தார்களா, நீயாக எடுத்தாயா என்று கேட்டார். நான்தான் கொடுத்தேன் என்றால் அண்ணனின் வாக்குமூலம் பொய்யாகும். பொய் சொன்னவரை விடமாட்டார்கள். நானா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதிகாரியிடம், கேற் திறந்து கிடந்தது ஐயா, எறிந்த சாமான் என்று நினைத்துக் கேட்காமல் எடுத்துவிட்டேன், பிழை என்னுடையது என்று சொன்னார். அதை எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கினார்கள். அதிகாரி அவரை வாயில் வந்தபடி ஏசினார். அவர் தலை குனிந்து நின்றார். களவு என்று முறைப்பாடு செய்கிறாயா என்று அண்ணனைக் கேட்டார்கள்.

அண்ணன் எழுந்து நின்றார். "ஒரு முறைப்பாடும் இல்ல சேர்" என்றவர், நானாவிடம் திரும்பி, "எஞ்சினை நீங்களே கொண்டு போங்க நானா" என்றார்.

நீங்கள் கேட்டுச் சிரித்த கதை இங்கிருந்துதான் வந்தது. அன்று அந்த நிலையத்தில் நான் வாய் திறக்காதது சரி. வெளியே வந்த பிறகும் திறக்காததுதான் பிழை. முதலில் பயத்தில் விட்டேன். பிறகு வெட்கத்தில் விட்டேன். பிறகு கதை நன்றாக இருந்ததால் நானே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

தகட்டை அதிகாரியின் முன்னாலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த அண்ணன், புத்தகத்தைத் திருத்தும் விண்ணப்பங்களை என்னைக் கொண்டு தட்டெழுதுவித்தார். கதிரையில்லாமல் கலியாணம் நடந்த அந்த வீட்டுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்டார். இரண்டு வருடம் கழித்து அண்ணியைக் கைப்பிடித்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு மாதா திருநாளையும் பிக்கப் தவறவிடவில்லை. அதன் டீசல் சத்தத்தில் செபமாலை கேட்கவில்லை என்று சுவாமியார் ஒவ்வொரு வருடமும் குறை சொல்லிவிட்டு, மறு வருடமும் அதையே கேட்பார். உடைந்த கதிரைகளின் இரும்பையெல்லாம் அண்ணன் ஹமீது நானாவுக்கே கொடுத்தார். "கள்ளனுக்கே திரும்பத் திரும்பக் குடுக்கிறீங்களே" என்று அண்ணி கேட்கும்போது, "பாவம், விடும்" என்பார். அந்த நேரம் பார்த்து நான் குசினிக்குள் போய்விடுவேன்.

கடைசி இரண்டு வருடங்களில் சீனி வருத்தம் அவருடைய ஒரு காலை எடுத்துக்கொண்டது. பிக்கப்பை மகன் ஓட்ட, முழங்கால் இல்லாததால் இப்போதுதான் இந்த ஆசனம் வசதியாக இருக்கிறது என்று சொல்லிப் பக்கத்தில் ஏறி இருந்தார். நாங்கள் சிரிக்கவில்லை, அவர் சிரித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேத்தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டார்.

அடக்கத்தன்று உறவினர் அந்தக் கதையைச் சொன்னபோது நாலாம் வரிசையில் ஹமீது நானா இருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் சிரித்ததை அவரும் கேட்டார். ஆட்கள் கலைந்த பிறகு நான் போய் அவருக்கு முன்னால் நின்றேன். அவரே கதைத்தார்.

"உங்கட அண்ணனுக்கு எல்லாம் தெரியும் தங்கச்சி. பொலிஸில அவர விட்டதுக்கு அடுத்த வெள்ளி நான் தொழுதிட்டு வெளிய வாறன், பிக்கப்போட நிக்கிறாரு. 'நானா, அந்த எஞ்சின இறக்க நாங்க மூணு பேர் வேண்டியிருந்திச்சு. நீங்க தனியாத் தூக்கியிருக்க ஏலாது. என்ட தங்கச்சிதான் மற்றப் பக்கம் பிடிச்சிருப்பா. அவக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்' எண்டாரு."

"பிறகு ஏன் நானா என்னட்டக் கேக்கேல்ல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'தெரியும் எண்டு காட்டினா அவ வெக்கப்பட்டு என்னை ஏசுறத விட்டிடுவா நானா. அந்த வீட்டுல அவ ஏசாம என்னால இருக்க ஏலாது' எண்டு சொன்னாரு."

நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அண்ணன் என் வெட்கத்தைக் காப்பாற்ற நானாவின் பெயரை விட்டுக்கொடுத்தார். அது அவர் செய்த பிழை. இறந்தவரின் பிழையை நினைவு மலரில் எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது என் பொருட்டுச் செய்த பிழை. ஆகையால் அதை எழுதும் உரிமையும் என்னுடையது. அண்ணா, இதற்காகவும் உங்களை ஏச வேண்டியிருக்கிறது.

அண்ணனின் கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து மருந்து கட்டிய தாதிமாருக்கும், ஒருநாளும் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த அண்ணிக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமியாருக்கும், காலமாகிவிட்ட சோமே பாஸின் இடத்தில் வந்து நின்று பெட்டியைத் தோளில் சுமந்த அவருடைய பிள்ளைகளுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத மூன்று நாளும் உணவனுப்பிய ஒழுங்கை அயலவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழுத உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஹமீது நானாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. இந்த மலரின் முதல் பிரதியை அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அவருடைய மனைவியும் மகளும் கேட்க இதை வாசித்துவிட்டுத்தான் உங்களுக்குத் தருகிறோம். இனி நீங்கள் இந்தக் கதையை எங்கே சொன்னாலும் இப்படிச் சொல்லுங்கள்: அந்த எஞ்சினை யாரும் களவெடுக்கவில்லை. ஒரு பக்கத்தை ஹமீது நானா பிடித்தார், மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன்.

அண்ணனின் தங்கச்சி